வளனாரின் ஐயமும் கரிசலின் விதைப்பும்

புரட்டாசி மாதத்தில் கடம்பூரிலிருந்து காமநாயக்கன்பட்டி நோக்கிச் செல்வோர், மழை காணாத கரிசல் நிலத்தில் உழவர் விதைப்பதைக் காணக்கூடும். புழுதி விதைப்பு என்பது அதன் பெயர். வடகிழக்குப் பருவமழையை நம்பி, கையிலிருக்கும் விதையைக் காய்ந்த மண்ணில் இட்டுவிடுகிறார்கள். மழை பொய்த்தால் விதையும் போயிற்று, உழவுக் கூலியும் போயிற்று. அதை அறிந்தேதான் விதைக்கிறார்கள்.

தேம்பாவணியைத் திறனாய வந்தவன் வேளாண்மை பேசுவானேன் என்று வாசகர் வினவலாம். அக்காப்பியத்தை இயற்றிய வீரமாமுனிவர், தமது தமிழகப் பணியின் தொடக்க ஆண்டுகளில் உழைத்தது இந்த மண்ணில்தான். இத்தாலியில் 1680-இல் பிறந்து, இயேசு சபைத் துறவியாக 1710-இல் இந்தியா வந்தவர் பின்னர் தாய்நாடு திரும்பவேயில்லை. 1714-15-இல் எழுந்த துன்புறுத்தலில் மரண தண்டனையினின்று தப்பினார். 1726-இல் நிறைவுற்ற அவரது காப்பியம் 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது.

நம் திறனாய்வு பெரும்பாலும் ஒரே வியப்பில் நின்றுவிடுகிறது: அயல்நாட்டார் ஒருவர் இத்துணைத் தமிழ் கற்றாரே! கம்பரின் சாயலையும் சிந்தாமணியின் சாயலையும் எண்ணிக் காட்டுவதோடு பணி முடிந்ததாகக் கருதுகிறோம். காப்பியத் தலைவர் யார் என்பதை மறந்துவிடுகிறோம். அவர் போர்க்களம் கண்டவர் அல்லர், தச்சர். நற்செய்தி நூல்களில் அவர் ஒரு சொல்லேனும் பேசுவதாக இல்லை. பேசாத ஒருவரைத் தலைவராக்கிப் பெருங்காப்பியம் பாடத் துணிந்ததே முனிவரின் முதல் துணிவு.

அத்துணிவு வெற்றி பெறுமிடம் முதற்காண்டத்தில் உள்ளது. மரியாள் கருவுற்றதை அறிந்து வளனார் கலங்கியதை மத்தேயு சில வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகிறார். முனிவரோ ஐயம் தோற்று படலம், ஐயம் நீங்கு படலம் என இரண்டு படலங்களை அதற்கு ஒதுக்குகிறார். இது வெறும் விரிவு அன்று. இதற்குச் சற்று முன்புதான், ஈரறம் பொருத்து படலத்தில், இல்லறத்தையும் துறவறத்தையும் ஒருங்கே ஏற்ற இருவரைக் காட்டியிருக்கிறார். அந்த நோன்பின்மீதே இப்போது நிழல் விழுகிறது. மனைவியின் தூய்மையை ஐயுறவும் இயலவில்லை. கண்ட அடையாளத்தை மறுக்கவும் இயலவில்லை. வானதூதர் வந்து விளக்கும்வரை வளனாருக்கு இறைத்திட்டம் தெரியாது. வலி மட்டுமே தெரியும். படலம் முடியும்வரை அந்த அறியாமையினின்று அவரை முனிவர் விடுவிக்காதது போற்றத்தக்கது. தெரிந்துகொண்டு கீழ்ப்படிவதற்கு அவ்வளவு விலை இல்லை.

இந்த அளவுகோலைக் கொண்டே எகிப்துப் பயணத்தையும் நோக்க வேண்டும். இங்கு எனக்குக் குறை தோன்றுகிறது. இரவோடிரவாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஏழைக் குடும்பம் அது. ஆனால் காப்பியத்தில் வானவர் துணை வருகின்றனர். சோசுவனின் வெற்றியும் சேதையோனின் வெற்றியும் தனித்தனிப் படலங்களாக விரிகின்றன. பழைய ஏற்பாட்டைத் தமிழருக்கு அறிமுகம் செய்யும் நோக்கம் புரிகிறது. பெருங்காப்பிய இலக்கணம் போர்ப் பாடலைக் கேட்கும் என்பதும் உண்மையே. எனினும், அகதியின் கால் கொப்புளம் அணிநயத்தில் மறைந்துபோகிறது. அப்பயணத்திற்குப் பின்னே பெத்லகேமில் பிள்ளைகளை இழந்த தாய்மார் இருக்கிறார்கள். ஒருவரின் கீழ்ப்படிதலுக்கு மற்றவரும் விலை கொடுத்திருக்கிறார்கள் என்ற அந்தக் கொடிய கேள்விக்கு எளிய விடை எதையும் நான் ஏற்பதற்கில்லை.

மூன்றாம் காண்டத்தில் பிணி தோற்று படலம் வரும்போது முனிவர் மீண்டும் தம் வலிமையை அடைகிறார். நற்செய்தி நூல்களில் வளனார் சொல்லாமலே மறைந்துவிடுகிறார். இங்கோ அவர் நோயுற்றுக் கிடக்கிறார். தாம் வளர்த்த மகனின் போதனையையும் சிலுவையையும் உயிர்ப்பையும் காண அவர் இருக்கப் போவதில்லை. முடிசூட்டு படலத்தோடு காப்பியம் நிறைவுறுவது மரபுக்குப் பொருந்தும். ஆயினும், கரிசலில் பிறந்த வாசகனுக்கு அந்த முடியைவிட நெருக்கமானது நோய்ப்படுக்கைதான். மழை வருமுன்பே கண்மூடிய விதைப்புக்காரர்களை அவன் தன் வீட்டிலேயே கண்டிருக்கிறான்.