புயலுக்குக் கையெழுத்து உண்டோ?

2008 செப்டம்பர் 15. அமெரிக்காவிலே 158 ஆண்டுக் காலம் கொடிகட்டிப் பறந்த லேமன் பிரதர்ஸ் எனும் முதலீட்டு பாங்கி மஞ்சள் கடுதாசி நீட்டியது. அன்று தொட்டு ஏடுகள் தீட்டிய சித்திரம் யாது? புயல் என்றன, பூகம்பம் என்றன, ஆழிப்பேரலை என்றன. அந்நாட்டு மத்திய பாங்கியின் தலைவராகப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் வீற்றிருந்த ஆலன் கிரீன்ஸ்பானும், அக்டோபர் 23 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன், இது நூற்றாண்டுக்கு ஒருமுறை எழும் கடன் சுனாமி என்றார்.

சுனாமி இன்னதென்று நாம் அறிவோம். 2004 டிசம்பர் 26 அன்று நாகைக் கரையிலே கண்டோம், கதறினோம். அந்த அலைக்கு ஆணையிட்டவர் இல்லை. அதனால் ஊதியம் பெற்றவர் இல்லை. அதற்குக் கையெழுத்திட்ட தாளும் இல்லை. கடன் அலைக்கோ இம்மூன்றும் உண்டு!

திருப்பிச் செலுத்த வழியற்றோருக்கு வீட்டுக் கடன் கொடுத்து, தரகு பெற்றனர் சிலர். அக்கடன்களை மூட்டை கட்டி விற்றனர் சிலர். அந்த மூட்டைகளுக்கு முதல் தரம் எனச் சான்று வழங்கிக் கட்டணம் பெற்றன, தர மதிப்பீட்டு நிறுவனங்கள். லேமன் பாங்கியோ, 2008இல் காலாண்டுக் கணக்கு முடியும் வேளையில் ஏறத்தாழ 5,000 கோடி டாலரைக் கணக்கேட்டினின்று மறைத்துக் காட்டியது என்பதை, நீதிமன்றம் அமர்த்திய ஆய்வாளரின் 2010ஆம் ஆண்டு அறிக்கை விளக்கிற்று. இது இயற்கையின் சீற்றமா? இல்லை, மனிதரின் செயல். தவிர்த்திருக்கக் கூடியதே என்று 2011இல் கூறினர், நெருக்கடியை ஆராய்ந்த அமெரிக்க ஆணையத்தின் பெரும்பான்மை உறுப்பினர்.

சொல்லிலே என்ன இருக்கிறது என்பர் சிலர். சொல்லிலேதான் இருக்கிறது, தோழர்களே! புயல் என்றால் நிவாரணம். புரட்டு என்றால் விசாரணை. புயல் என்ற பேச்சு ஓங்கி ஒலித்த நாட்களில்தான், அக்டோபர் 3 அன்று, 70,000 கோடி டாலர் வரை செலவிட இடந்தரும் மீட்புச் சட்டம் பிறந்தது. வீடிழந்த இலட்சக்கணக்கான குடும்பங்களோ வீதியிலே நின்றன.

அச்சட்டத்தின் முதல் வடிவைச் செப்டம்பர் 29 அன்று கீழவை 228க்கு 205 என்ற வாக்கில் தள்ளியது. டோ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 777 புள்ளிகள் சரிந்தது. இத்தகைய நாட்களில், சந்தை சினந்தது, சந்தை அஞ்சியது, சந்தை தண்டித்தது என்று எழுதுவது ஏடுகளின் வாடிக்கை. சந்தை என்பார் யார்? மக்கள் பிரதிநிதிகளைத் தண்டிக்க அவருக்கு வாக்களித்தவர் எவர்? அஞ்சியவர் விற்றார் என்றால், அவர் விற்றதை வாங்கியவர் அஞ்சவில்லையே! அவரைப் பற்றி ஒரு வரியும் காணோமே!

நாழிகைக்கு நாழிகை மாறும் நிகழ்ச்சியை எழுதுவோர்க்கு ஆராய நேரமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. நிருபரின் அவசரத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால், வீழ்ச்சிக்கு முன்பே கடன் வாணிபத்தின் இருட்டறைக்குள் புகுந்து பார்த்து, பைனான்சியல் டைம்ஸ் ஏட்டிலே எச்சரித்து எழுதிய ஜில்லியன் டெட் அம்மையாரும் பத்திரிகையாளர்தாமே! அவர் வானத்தைப் பார்க்கவில்லை, கணக்கைப் பார்த்தார்.

அத்துணை ஆழம் செல்ல இயலாதார்க்கும் எளிய வழி ஒன்றுண்டு. குறியீடு சரிந்தது, காரணம் இன்னும் தெளிவாகவில்லை என எழுதலாம். அது இழுக்கன்று, நேர்மை. கடன் கொடுத்தவர் யார், சான்றளித்தவர் யார், இலாபம் பெற்றவர் யார் என மறுநாள் கேட்கலாம். விதி என்று சொல்லி வினவாதிருந்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாம். விதிக்குப் புயலெனப் புதுப்பெயர் சூட்டி அழைத்து வந்தால், ஏற்றுக் கொள்வதோ?

எழுதுகோல் ஏந்துவோரை நாம் வேண்டுவது ஒன்றே: செயலை எழுதும்போது செய்தவனையும் எழுதுக!