பதினேழு வயதோடு நின்றுபோகும் ஓட்டம்

2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் எங்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அங்கிருந்து கோல சிலாங்கூர் வரையுள்ள தோட்டங்களில் நெடுந்தூர ஓட்டக்காரரைச் சலித்தெடுக்க நம்மிடம் இருப்பது ஒரே சல்லடை: பள்ளிக் குறுக்கோட்டம்.

அதை லேசில் குறை சொல்லிவிட முடியாது. ஓடுதடம் இல்லாத பள்ளிக்குச் செம்பனைக்குள் போகும் மண்பாதை போதும். வெள்ளைக் கேன்வஸ் சப்பாத்து, சட்டையில் ஊக்கு குத்திய எண், பாதி வழியில் நிற்கும் ஆசிரியர் கையில் மாட்டிவிடும் ரப்பர் வளையம். வளையம் இல்லாமல் வந்தால் குறுக்கு வழியில் புகுந்தவன் என்று பிடித்துவிடுவார்கள். நூறு மீட்டரில் கடைசியாக வரும் பையன் முதன்முதலில் யார் கண்ணிலாவது படுவது இங்கேதான்.

கோளாறு மறுநாள் தொடங்குகிறது. போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு ஆரம்பித்த பயிற்சி போட்டியன்றே முடிகிறது. மாவட்ட அளவில் தேறிவிட்டால் இன்னும் மோசம். புள்ளிக்காக அதே பிள்ளையை 800, 1,500, தொடர் ஓட்டம் என எல்லாவற்றிலும் இறக்கிவிடுவார்கள். ஆர்வமுள்ள ஆசிரியருக்கு மாற்றல் வந்தால் பயிற்சியும் அவரோடு போய்விடும். பதினேழு வயதில் எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும் பையன் ஏதாவது தொழிற்சாலையில் ஷிப்ட் வேலையில் இருப்பான்.

கென்யாவைப் பற்றிப் பேசினால், "அவங்க மலைக்காரங்க" என்று முடித்துவிடுகிறோம். அங்குள்ள கப்தகாட் பயிற்சி முகாம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் உதவத்தான் செய்கிறது. ஆனால் எலியுட் கிப்சோகே ஓடிய ஆண்டுகளைப் பாருங்கள். 2003-இல், 18 வயதில், 5,000 மீட்டர் உலகச் சாம்பியன். ஒலிம்பிக்கில் 2004-இல் வெண்கலம், 2008-இல் வெள்ளி. 2012-இல் ஒலிம்பிக் அணியிலேயே இடமில்லை. நம் ஊரில் என்றால் அதற்குப் பிறகு அவரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அவரோ மறு ஆண்டே மாரத்தானுக்கு மாறினார். ரியோவிலும் டோக்கியோவிலும் தங்கம், 2022 பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 வினாடி. பதின்ம வயது முதல் பயிற்சியாளர் ஒருவரே: 1992 ஒலிம்பிக் ஸ்டீபில்சேஸில் வெள்ளி வென்ற பேட்ரிக் சாங். தோற்ற வருடத்திலும் விடிகாலையில் கூடவே ஓட ஆள் இருந்தது.

கென்ய முறையும் அப்பழுக்கற்றதல்ல. ஊக்கமருந்தில் சிக்கித் தடைபட்டோர் அங்கே ஏராளம். முகாமில் இடம் கிடைக்காதவர்களைப் பற்றி யாரும் எழுதுவதுமில்லை.

நம்மிடம் ஓட்டக்காரர்களே இல்லை என்பதும் பொய். எம். இராமச்சந்திரன் 1994-இல் 10,000 மீட்டரை 29 நிமிடம் 30.19 வினாடியில் ஓடினார். அந்த மலேசியத் தேசியச் சாதனை கால் நூற்றாண்டுக்கு மேல் அசையவில்லை. பலர் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்குக் கவலையாக இருக்கிறது.

குறுக்கோட்டத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. தென்னமரம், ரிவர்சைட், மேரி போன்ற தோட்டப் பள்ளிகளில் நன்றாக ஓடுகிற பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு பேர்தான் தேறுவார்கள். தனித்தனியே அவர்களுக்குப் போட்டிக்கு ஆளில்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போனாலும் மாறாத ஒரு பயிற்சியாளரிடம் சனிக்கிழமை காலையில் அவர்களை ஒன்றுசேர்த்தால், வேலைக்குப் போய்விட்ட அண்ணன்மாரும் வந்து ஓடலாம். செலவு பெரும்பாலும் வேன் வாடகைதான். நாலைந்து பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பகிர்ந்துகொண்டால் தாங்கக்கூடியது.