முறைமன்றத்தில் இரு சிறுவர்

சார்லஸ் டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை தொடராக வெளியிட்ட 'ஆலிவர் ட்விஸ்ட்' என்னும் புதினம், இலண்டன் மாநகர முறைமன்றங்களின் கொடுமையை எடுத்துக்காட்டிய நூல் எனப் போற்றப்படுகின்றது. இக்கருத்து உண்மையின் ஒரு பாதியே என்பது நம் துணிபு. செங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் முறைசெய்தற்கு இன்றியமையாதன இரண்டினைக் குறிக்கின்றார். குற்றத்தை ஆராய்தல் ஒன்று. யார்மாட்டும் கண்ணோடாது நிற்றல் மற்றொன்று. இவற்றை அளவுகோலாகக் கொண்டு, நூலில் வரும் இரு வழக்குகளை ஈண்டு ஒப்பிட்டு நோக்குவோம்.

முதல் வழக்கில், கைக்குட்டை ஒன்றைத் திருடியதாக ஆலிவர் பிடிபடுகின்றான். பெயரைச் சொல்லவும் வலியற்ற அவனுக்குக் காவலனே ஒரு பெயரைப் புனைந்து கூறுகின்றான். சிறுவன் மயங்கி விழுகின்றான். நடுவர் பாங் எதனையும் ஆராயாது மூன்று திங்கள் கடுங்காவல் விதிக்கின்றார். நிகழ்ந்ததைக் கண்ட புத்தகக் கடைக்காரர் விரைந்து வந்து சான்று பகர்ந்தமையாலேயே ஆலிவர் விடுதலை பெறுகின்றான். பொருளை இழந்த பிரௌன்லோ என்னும் பெரியவர் அவனைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் செல்கின்றார். நடுவரின் ஆராயாமையை டிக்கன்ஸ் கடுமையாகச் சாடுகின்றார்.

இரண்டாம் வழக்கில் நிற்பவன் ஜாக் டாகின்ஸ். ஆலிவர்மேல் சுமத்தப்பட்ட அத்திருட்டை உண்மையில் செய்தவன் இவனே. இப்பொழுது ஒரு வெள்ளிப் பொடிச்சிமிழால் சிக்குகின்றான். கொச்சை மொழியில் தன் உரிமையையும் தன் வழக்கறிஞரையும் பற்றி ஆரவாரம் செய்கின்றான். மன்றத்தில் இருந்தோர் நகைக்கின்றனர். படிக்கும் நாமும் நகைக்கின்றோம். அவன் நாடு கடத்தப்படுவான் எனக் கூட்டாளிகள் வருந்துகின்றனர். அதன்பின் அவன் கதையில் தோன்றுவதில்லை.

ஆலிவர் குற்றமற்றவன், டாகின்ஸ் குற்றவாளி. ஆதலின் வேறுபாடு முறையே என்பார் உளர். நாம் வினவுவது தீர்ப்பைப் பற்றியன்று. கேட்கப்படாத கேள்விகளைப் பற்றியே. டாகின்சின் பெற்றோர் யாவர், அவன் எவ்வாறு பேகினின் திருட்டுப் பள்ளியை அடைந்தான் என்பவற்றை நடுவரும் வினவவில்லை, ஆசிரியரும் கூறவில்லை. ஆலிவரின் பிறப்பு வரலாறோ முற்றும் துலக்கப்படுகின்றது. அவன் பிரௌன்லோவின் நண்பருடைய மகன். ஏழையர் விடுதியில் வளர்ந்தும் உயர்குடியினர் மொழியையே பேசுகின்றான். அவன் முகச்சாயல் மன்றத்திலேயே பிரௌன்லோவின் உள்ளத்தைத் தொடுகின்றது. பேகினின் கூட்டத்தைச் சேர்ந்த சார்லி பேட்ஸ் திருந்திக் கால்நடை வளர்த்து வாழ்வதை ஆசிரியர் காட்டுகின்றாரே எனின், அவன் கூண்டில் ஏறியவன் அல்லன் என்க. மன்றம் ஏறிய இருவருள் இரக்கம் குடிப்பிறப்பின் வழியே செல்கின்றது. நடுவர் ஆராய்தலில் தவறினார். அவரைச் சாடிய ஆசிரியரோ கண்ணோடாமையில் தவறினார்.

பிரித்தானியாவில் 1908-இல் இயற்றப்பட்ட சிறுவர் சட்டம் சிறுவர்க்கெனத் தனி முறைமன்றங்களை அமைத்தது. ஆயினும் பேச்சும், தோற்றமும், பரிந்து பேச வரும் செல்வரும் ஒரு சிறுவனின் வாழ்வை முடிவு செய்யும் நிலையைச் சட்டம் மட்டுமே மாற்றிவிடாது. திறனாய்வாளர்க்கும் இதில் கடமை உண்டு. கொச்சை பேசுவோனைக் காட்டி நகைக்கச் செய்யும் பகுதி எந்நூலில் வரினும், அந்நகை யார்மேல் தீர்ப்புக் கூறுகின்றது என வினவுதல் வேண்டும்.