மூன்று நிலவுகளும் ஒரு 'நீ'யும்

இல்லாத உலகம் ஒன்றைச் சிருஷ்டித்து அதற்குள் கதையை நடத்துவது என்றதும் நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் தயாராக இருக்கின்றன. அது குழந்தைகள் சமாச்சாரம் என்பது ஒன்று. இதோடு மல்லுக்கு நிற்க எனக்குப் பொறுமை இல்லை. கற்பனைக்குக் கட்டுப்பாடு கிடையாது, அங்கே எதையும் செய்யலாம் என்பது மற்றது. இதுதான் அபாயகரமானது, ஏனெனில் நல்ல படைப்பாளிகளையும் இது பிடித்துக்கொள்கிறது. புதிதாக எதைக் கொண்டுவந்தோம் என்பதிலேயே அவர்கள் கவனம் தீர்ந்துபோகிறது. எதைப் பற்றி யோசிக்கவே இல்லையோ, அது பழைய உலகிலிருந்து டிக்கெட் வாங்காமல் கூடவே ஏறி வந்துவிடுகிறது. இவ்வகை எழுத்தின் தரத்தை நான் இந்தக் கள்ளப் பயணியை வைத்தே பார்க்கிறேன்.

டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் 1925 முதல் ஆங்கிலோ-ஸாக்ஸன் பேராசிரியர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காகச் சொற்களின் பூர்வீகத்தைத் துருவிக்கொண்டிருந்தவர். மொழிகளைத்தான் முதலில் உண்டாக்கினேன், அவை வழங்குவதற்கு ஒரு உலகம் வேண்டியிருந்ததால் கதைகள் பிறந்தன என்பது அவருடைய வாதம். மலைக்கடியில் குள்ளர்கள் குடைந்த நகரம் அவர்கள் மொழியில் கஸாத்-தூம். எல்ஃபுகள் இட்ட பெயர் மோரியா, அதாவது கருங்குழி. ஒரு நாகரிகத்தின் ஏற்றமும் நாசமும் இந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில் கிடக்கின்றன. கல்வெட்டில் சதுர்வேதிமங்கலமாக இருந்து இன்று வேறு பெயரில் வழங்கும் ஊர்களை அறிந்த நமக்கு இது அந்நியமான விஷயமே அல்ல.

அவருடைய கறாருக்கு இன்னொரு சாட்சியம். 'தி ஹாபிட்' 1937-ல் வெளிவந்தபோது, விடுகதைப் பந்தயத்தில் கோல்லம் தன் மோதிரத்தைத் தானாகவே பரிசாக வைக்கிறான். தோற்றபின் அது கிடைக்கவில்லை என்று மன்னிப்புக்கூடக் கேட்கிறான். பிறகு 1954-55-ல் வந்த பெரிய நாவலை எழுதும்போது அந்த மோதிரம், வைத்திருப்பவன் மனதையே அரித்துத் தின்னும் வஸ்துவாகிவிட்டது. ஆகவே 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்தினார். ஏற்கனவே அச்சாகி ஜனங்கள் படித்துவிட்ட வடிவத்தை என்ன செய்வது? அது பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே எழுதிவிட்டார். பேரேட்டில் பிழையான பதிவைச் சுரண்டி அழிக்கக் கூடாது, எதிர்ப்பதிவு போட்டுத்தான் நேர் செய்ய வேண்டும் என்பது என் பிழைப்பின் பால பாடம். டோல்கீன் அதற்கும் ஒரு படி மேலே போகிறார். யோக்கியனான பில்போ பொய் சொன்னதே மோதிரம் அவன்மேல் வேலை செய்யத் தொடங்கியதற்குத் தடயமாகிவிடுகிறது.

இத்தனை கறாரான மனிதரின் உலகிலும் கள்ளப் பயணி உண்டு. ஸாம் தோட்டக்காரன். எஜமானனை முதுகில் சுமந்து எரிமலை ஏறுகிறவன். பிற்பாடு ஊரின் மேயராக ஏழு முறை தேர்ந்தெடுக்கப்படுகிறவன். ஆனாலும் ஃப்ரோடோ அவனுக்கு 'மிஸ்டர் ஃப்ரோடோ'. அவனோ வெறும் ஸாம். 1914 யுத்தத்தில் தான் கண்ட சாதாரணச் சிப்பாய்களிடமிருந்தும் அதிகாரிகளின் ஏவலாட்களிடமிருந்தும் ஸாம் உருவானதாக டோல்கீனே சொல்லியிருக்கிறார். அந்த விசுவாசத்தை நாவல் மனதார நேசிக்கிறது. ஒரு தடவைகூட விசாரிப்பதில்லை. நிலவின் வளர்பிறை தேய்பிறை கதையின் தேதிகளோடு பொருந்தவில்லை என்று 1944-ல் மெனக்கெட்டுத் திருத்திக்கொண்டிருந்தவர் இதைத் தொடவில்லை.

உர்சுலா லெ க்வின் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968-ல் வந்தது. தீவுக்கூட்டம். பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவன் அதை ஆளலாம். ஆனால் ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொன்றில் வறட்சி. நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். வெள்ளைத் தோல்காரர்கள்தான் அங்கே படகில் வந்து ஊரைக் கொளுத்துகிறவர்கள். மானுடவியலாளர் ஆல்ஃப்ரெட் க்ரோபரின் மகள், நிறத்தைப் பற்றி யோசித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் ஆண்களுக்கு மட்டுமே இடம். பெண்களின் மந்திரத்தைப் பலவீனமென்றும் கெட்டதென்றும் பழிக்கும் பழமொழி வேறு.

1972-ல் மூன்றாவது நாவலோடு முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்த உலகுக்கு 1990-ல் 'டெஹானு'வோடு திரும்பினார். நடுவயது விதவை டெனார். நெருப்பில் தள்ளப்பட்டுப் பாதி வெந்துபோன ஒரு சிறுமி. மந்திர சக்தி முழுவதையும் இழந்து, சிறுவயதில் மேய்த்த ஆடுகளிடமே திரும்பும் கெட். எச்சில் தட்டை யார் கழுவுவது என்பது இந்த நாவலில் ஒரு விவகாரம். டிராகன் உண்டு, ஆனால் அதற்குக் காத்திருக்க வேண்டும். வரைபடத்தில் ஒரு தீவும் இடம் மாறவில்லை. பார்க்கிறவள் கொல்லைப்புற வாசலில் நிற்கிறாள், அவ்வளவுதான். அதில் அந்த உலகம் முழுவதும் வேறாகிவிடுகிறது. முந்தைய நாவல்களின் கம்பீரம் இதில் இல்லை என்று குறைப்பட்டவர்கள் உண்டு. வரிசையிலேயே பெரிய சாதனை என்று நான் இதைத்தான் சொல்வேன்.

எம். ஜான் ஹாரிஸனைப் போல உலகக் கட்டுமானத்தையே ஏளனம் செய்கிறவர்களும் உண்டு. அவருடைய விரிகோனியம் கதைகளில் நகரத்தின் தெருக்களும் பெயர்களும் கதைக்குக் கதை வேண்டுமென்றே முரண்படும். வரைபடப் பித்துக்கு நல்ல மருந்துதான். ஆனால் வரைபடத்தைக் கிழித்துவிட்டால் கள்ளப் பயணி இறங்கிப் போய்விடுவானா?

தமிழில் இந்த முயற்சி மேலும் கடினம். இதை யாரும் பேசியதாகத் தெரியவில்லை. நண்பர் ஒருவர் நான்கு வருஷங்களாக ஒரு தேசத்தை உண்டாக்கிவருகிறார். வானில் மூன்று நிலவுகள், பதினேழு தலைமுறை வம்சாவளி எல்லாம் உண்டு. எழுதி முடித்த ஒரே அத்தியாயத்தில் படகோட்டி இளவரசியை 'நீங்கள்' என்கிறான், அவள் அவனை 'நீ' என்கிறாள். மூன்று நிலவுகளும் அங்கேயே அஸ்தமித்துவிட்டன. ஆங்கிலக்காரனுக்கு 'யூ' என்ற ஒற்றைச் சொல் எத்தனையோ விஷயங்களை மறைத்துக்கொடுக்கும். தமிழில் ஒருவன் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று வினைமுற்றே சொல்லிவிடுகிறது. 1969 நாவலில் நிலையான பால் இல்லாத மனிதர்களை 'ஹி' என்று எழுதிவிட்டு லெ க்வின் நெடுநாள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நம் 'அவர்' அந்தச் சங்கடத்தைச் சுலபமாகத் தாண்டும். கூடவே மரியாதையையும் ஒட்டிவிடும். 'மாமா' என்று ஒரு பாத்திரம் கூப்பிட்டால் தாய்மாமனும் மாமனாரும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறார்கள். யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்ற நம் ஏற்பாடு அந்தக் கற்பித தேசத்தின் சட்டமாகிவிட்டது, ராஜாவுக்கே தெரியாமல். ஜாதியை மட்டும் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு, ஜாதி பேசுகிற பாஷையை அப்படியே வைத்துக்கொள்வது நம்மவர்களின் தனிக் கைங்கரியம்.

நாம் உலகங்களைப் புனைந்தறியாத ஜனமும் அல்ல. ஐந்திணை அப்படி ஒன்றுதான். நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்த புலனெறி வழக்கம் என்று அதற்கு இலக்கணமே உண்டு. எந்த நிலத்தில் எந்தப் பூ, எந்தப் பறை, எந்தப் பொழுது என்று தீர்மானித்து, காதலர்களுக்கு இயற்பெயர் கூடாது என்று விலக்கி, ஒரு கவிக்கூட்டமே தலைமுறைகளாக உடன்பட்டுப் புழங்கிய உலகம். டோல்கீனிடம் இல்லாத வசதி இது. ஆனால் அதே அகத்திணையியலில் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தும் சூத்திரம் இருக்கிறது. கைக்கிளையும் பெருந்திணையும்தான் அவர்களுக்கு என்று உரைகாரர்கள் பொருள் கொள்கிறார்கள். தொல்காப்பியர் அதைப் பகிரங்கமாக விதியாக எழுதிவைத்தார். நாம் எழுதாமலே செய்கிறோம்.

வழி இல்லாமல் இல்லை. திருநெல்வேலிப் பேச்சிலும் யாழ்ப்பாணத்திலும் 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் நடுவே 'நீர்' உயிரோடு புழங்குகிறது. எல்லோரும் எல்லோரையும் 'நீர்' என்றே அழைக்கிற ஒரு தேசத்தை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அடிக்க ஓங்குகிறவன் என்ன சொல்லிக் கத்துவான், பிள்ளையை எப்படிக் கொஞ்சுவார்கள், பிணத்தைத் தூக்க யாரை எந்தச் சொல்லால் வரச்சொல்வார்கள்? வரைபடம் பிறகு வரையலாம்.