கல்யாண வீட்டுக் கோபங்களை எப்படி ரசிப்பது?

கல்யாணத்துக்கு வந்த இடத்தில் உறவினர் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வீட்டுக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். காபி ஆறிப்போச்சு, ரூமில் வெந்நீர் வரலை, பத்திரிகையில் என் பேரைக் காணோம் என்று குறைகள் வரிசையாக வரும். இவற்றை ஒவ்வொன்றாகத் தீர்க்க ஓடுகிறவர் தாலி கட்டும் நேரம்கூட மணவறைப் பக்கம் நிற்க முடியாது. குறை சொல்பவர் இந்த வீட்டில் தனக்குள்ள இடத்தைத்தான் கேட்கிறார் என்று பார்க்கப் பழகிவிட்டால், அதே கோபம் ரசிக்கத் தக்கதாகிவிடும். கோபத்தை ரசிப்பது நமக்குப் புதிதும் அல்ல. மருதத்திணையின் உரிப்பொருளே ஊடல்தான். திருக்குறள் முடிவதும் ஊடலுவகை என்ற அதிகாரத்தில்தான். காதலருக்குச் சொன்னதைச் சித்தப்பாவுக்குப் பொருத்தலாமா என்று கேட்கலாம். தாராளமாகப் பொருத்தலாம். உரிமை இருக்கிற இடத்தில்தான் பிணக்கு வரும். மொய் எழுதிவிட்டுத் தாம்பூலப் பையோடு கிளம்பும் அலுவலக நண்பர் காபி ஆறியதைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

நம் சடங்குகளே இதற்குச் சாட்சி. பிராமணக் கல்யாணங்களில் மாப்பிள்ளை குடையும் தடியுமாகக் காசிக்குக் கிளம்ப, பெண்ணின் தகப்பனார் வழிமறித்து அழைத்து வருகிறார். யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்கும் தோழனுக்கு மோதிரம் உண்டு. கொங்கு நாட்டில் மாப்பிள்ளையின் சகோதரி இல்லாமல் இணைச்சீர் நடக்காது. தாய்மாமன் முறை பற்றிச் சொல்லவே வேண்டாம். உறவுகளில் யார் எங்கே முறுக்கிக்கொள்ளக்கூடும் என்று தெரிந்து, அங்கங்கே ஒரு வேலையையும் ஒரு மரியாதையையும் வைத்திருக்கிறார்கள். சடங்குகளை விட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீராதா என்றால், தீராது. 1967-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டில் சட்ட ஏற்புப் பெற்ற சுயமரியாதைத் திருமணங்களில் சடங்கு கிடையாது. ஆனால் யார் தலைமை, வாழ்த்துரையில் யாருக்கு முதலிடம் என்ற கேள்வி அங்கேயும் உண்டு.

ஆக, கோபத்தைப் படிக்க வேண்டுமானால் அந்த மனிதருக்கு முன்பு என்ன வேலை இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். உக்கிராண அறைச் சாவி ஒரு மாமா இடுப்பில் தொங்கிய காலம் உண்டு. காய் நறுக்க அத்தைகள் முதல்நாளே வந்தார்கள். இலைக்கு இலை நின்று பந்தி விசாரிக்கப் பெரியப்பா இருந்தார். இன்று அத்தனையும் கேட்டரிங்காரரிடம் போய்விட்டது. அந்த மாமாவும் பெரியப்பாவும் அழைப்பிதழோடு வந்து நாற்காலியில் உட்காரும் பார்வையாளர்கள். மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒருவர், 'நீங்க போய்ச் சாப்பிடுங்க, எனக்குப் பசியில்லை' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள். பந்திக்குப் போகிறவர்கள் அனைவரும் கடந்தாக வேண்டிய இடம் அது. பசியில்லாதவர் வீட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. கூப்பிட வேண்டிய ஆள் வரட்டும் என்று காத்திருக்கிறார். பெண்ணின் அப்பா வந்து கையைப் பிடித்து, 'நீங்க உட்கார்ந்தாத்தான் அடுத்த பந்தி, அண்ணே' என்றால் எழுந்துவிடுவார். அதற்குப் பதில் கல்லூரியில் படிக்கும் பையனை அனுப்பினால் கோபம் இரட்டிப்பாகும். பையன்மேல் தப்பில்லை, அவன் அந்த இடத்தைக் கொடுக்கக்கூடியவன் அல்ல. விருந்தோம்பலைப் பேச வந்த வள்ளுவரும் பலகாரங்களைப் பட்டியலிடவில்லை. முகம் திரிந்து பார்த்தாலே விருந்தினர் வாடிவிடுவார் என்று அனிச்ச மலரைத்தான் நினைவூட்டினார்.

இதெல்லாம் அடாவடிக்கு வக்காலத்து வாங்குவதாகாதா? நியாயமான கேள்வி. மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தன்று நகையும் காரும் கேட்டு முறுக்குவது பிணக்கே அல்ல. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தின்கீழ் அது குற்றம். சாதியைச் சொல்லித் தனிப் பந்தி கேட்பவருக்கும் இணங்கக் கூடாது. பிரித்தறிவதும் கடினமில்லை. உரிமைக்காகக் கோபித்தவர் மரியாதை கிடைத்ததும் இறங்கி வருவார். ஆதாயத்துக்காகக் கோபித்தவர் கொடுக்கக் கொடுக்க மேலே ஏறுவார். காதலர் ஊடலுக்கே, உணவில் உப்பைப்போல அளவு வேண்டும் என்றது குறள்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கோபக்காரரை எந்த வீட்டிலும் பெண்கள்தான் தாங்குகிறார்கள். மணப்பெண்ணின் அம்மா மூன்று நாளும் கைகூப்பியபடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க, தள்ளி நின்று ரசிக்கச் சொல்வது அநியாயம். அதனால் சமாதானம் பேசும் பொறுப்பை, வயதும் முறையும் உள்ள ஆண்கள் இருவரிடம் முகூர்த்தக்கால் நடும்போதே ஒப்படைத்துவிட வேண்டும். யார் யாரைப் பந்திக்கு அழைப்பது, யார் பெயர் பத்திரிகையில் விட்டுப்போனது, யாருக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பதை அவர்களே எழுதிக் கையில் வைத்துக்கொள்ளட்டும். போன கல்யாணத்தில் முறுக்கிக்கொண்ட மாமாவே அந்த இருவரில் ஒருவராக இருந்தால் மிகவும் நல்லது.