கந்தரோடை ஆருடையது?

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் கந்தரோடை. பனைகளுக்கு நடுவே, முருகைக் கல்லால் ஆன சின்னச்சின்னத் தூபிகள். 1917 அளவில் போல் ஈ. பீரிஸ் இங்கே அகழ்ந்து எழுதினார். இன்று காணும் குவிமாடங்களில் பல, தொல்லியல் திணைக்களம் பிறகு மீளக் கட்டியவை.

பார்க்கப் போறவர்கள் இதை இரண்டு விதமாக வாசிக்கிறார்கள். "பௌத்தம் எண்டால் சிங்களம்" என்று ஒரு சாரார் உரிமை கோருகிறார்கள். மறுசாராரும் அதையே நம்பி, "இது எங்கடை இல்லை" என்று முகத்தைத் திருப்புகிறார்கள். இரண்டும் ஒரே பிழைதான். மணிமேகலை தமிழில் எழுந்த பௌத்த காப்பியம். அதை வகுப்பில் படிப்பிக்கிற நாங்கள், தமிழ் பேசிய பௌத்தர்களை மறக்கலாமா?

"இதிலே முஸ்லிம்களுக்கு என்ன?" என்று கேட்பார்கள். 1990 ஒக்டோபரில், இரண்டு மணி நேர அவகாசத்தில் சோனகதெருவை விட்டு வெளியேற்றப்பட்ட சமூகம் நாங்கள். மொழி ஒன்றானாலும் மார்க்கம் வேறென்றால் மண்ணில் பங்கில்லை என்ற கணக்குத்தான் அன்றும் போடப்பட்டது. கந்தரோடையை யாரும் வணங்கத் தேவையில்லை. வரலாறாக வாசித்தால் போதும். யாழ்ப்பாணம் ஒரு மார்க்கத்துக்கு மட்டுமான ஊரல்ல என்று அந்தக் கல் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சி எங்களுக்கும் வேணும்.