இரண்டு கரிநெருப்புகள்: யோவான் 21-ஐ வாசிக்கும்போது

யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுதணும்னு ரொம்ப நாளாக வைத்திருந்தேன். போன மாதம் மறுபடியும் அதே பிரசங்கத்தைக் கேட்க நேர்ந்ததால் இப்போது எழுதிவிடுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இயேசு கைதான இரவில், அவருடைய முதன்மைச் சீடன் பேதுரு, பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு நிற்கிறான். "நீயும் அந்த ஆளோட சீஷன்தானே?" என்று மூன்று பேர் வெவ்வேறு சமயத்தில் கேட்கிறார்கள். மூன்று முறையும் மறுத்துவிடுகிறான். சேவல் கூவுகிறது. இயேசு உயிர்த்தெழுந்தபின், ஒரு விடியற்காலையில் கலிலேயாக் கடற்கரையில் அவனைச் சந்தித்து, "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" என்று மூன்று முறை கேட்கிறார். இந்த இரண்டாம் பாதிதான் 21-ஆம் அதிகாரம்.

இதை வைத்துச் செய்யப்படும் பிரசங்கத்தைச் சின்ன வயதிலிருந்து பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். கிரேக்கத்தில் அன்புக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'அகப்பே' தெய்வீக அன்பு, 'ஃபிலியோ' நட்பு. இயேசு முதல் இரண்டு முறையும் அகப்பேயைக் கேட்கிறார், பேதுரு ஃபிலியோதான் தர முடியும் என்கிறான். மூன்றாம் முறை இயேசுவே அவனுடைய அளவுக்கு இறங்கிவந்து ஃபிலியோ என்று கேட்கிறார். அதுதான் கிருபை. கன்வென்ஷன் பந்தலில் இந்த இடம் வரும்போது கைக்குட்டைகள் வெளியே வரும். நானும் ஒரு காலத்தில் உருகியவன்தான்.

சிக்கல் என்னவென்றால், யோவானின் பாஷை இதற்கு இடம் கொடுப்பதில்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை டெக்ஸ்ட் ஃபைலாக இறக்கி வைத்துக்கொண்டு தேடிப் பார்த்தேன் (பழைய தொழில் புத்தி). பிதா குமாரனை நேசிக்கிறார் என்று 3:35-இல் சொல்லும்போது அகப்பேயின் வினைச்சொல். அதையே 5:20-இல் சொல்லும்போது ஃபிலியோ. பிதாவின் அன்பு இரண்டு அதிகாரத்துக்குள் தரம் இறங்கிவிட்டதா என்ன? 'இயேசுவுக்கு அன்பான சீஷன்' என்று ஒருவர் வருகிறாரே, அவருக்கும் 13:23-இல் ஒரு சொல், 20:2-இல் இன்னொரு சொல். யோவான் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார். இதே உரையாடலில் 'ஆடு' என்பதற்கும் இரண்டு சொல், 'மேய்' என்பதற்கும் இரண்டு சொல் வருகின்றன. அவற்றை வைத்து யாரும் தனித்தனி இறையியல் கட்டுவதில்லை.

இதில் தமிழ் வேதாகமம் ஒரு வேடிக்கை செய்கிறது. ஆங்கிலத்தில் கிங் ஜேம்ஸ் பதிப்பு எல்லா இடத்திலும் ஒரே சொல்லைத்தான் போடுகிறது. ஆனால் இன்றும் சபைகளில் புழங்குகிற நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு, 21-ஆம் அதிகாரத்தில் 'அன்பாயிருத்தல்', 'நேசித்தல்' என்று கவனமாகப் பிரித்திருக்கிறது. அதே மொழிபெயர்ப்பு 3:35, 5:20 இரண்டிலும் 'அன்பாயிருந்து' என்றே போடுகிறது. ஆக, மொழிபெயர்த்தவர்கள் இந்தக் காட்சியில் வேறுபாடு முக்கியம் என்று தீர்மானித்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. மூலத்தில் இரண்டு சொல் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள், நேர்மையான வேலை. அதன்மேல் மாடி கட்டியது நாம்தான்.

சரி, அந்தப் பிரசங்கம் போய்விட்டால் அத்தியாயத்தில் மீதி என்ன? என் வாசிப்பில், அதைவிடக் கனமான ஒன்று மிஞ்சுகிறது. நெருப்பு.

பேதுரு மறுதலித்த இரவில் வேலைக்காரர்கள் மூட்டிய நெருப்பை மாற்கு 'வெளிச்சம்' என்ற சொல்லால் குறிக்கிறார். லூக்கா சாதாரணமாக 'தீ' என்கிறார். யோவான் மட்டும் 'ஆந்த்ரக்கியா', அதாவது கரிநெருப்பு என்கிறார் (18:18). அந்தச் சொல் மறுபடி வருவது 21:9-இல். சீடர்கள் கரையேறும்போது இயேசு மூட்டி வைத்திருக்கும் நெருப்பு அது. புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தச் சொல் இந்த இரண்டு இடங்களில்தான். 'ரெண்டு தடவை வர்றதெல்லாம் ஒரு ஆதாரமா, மீன் சுட கரிதானே வேணும்' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தீ என்ற பொதுச்சொல் யோவானுக்குத் தெரியாதது அல்ல, 15:6-இல் அதைப் பயன்படுத்துகிறார். கதைக்குத் தேவையில்லாத இடத்தில் நெருப்பின் வகையைச் சொல்லுகிறார், அதுவும் இரண்டே இடத்தில். இரண்டு இடத்திலும் அதன் பக்கத்தில் நிற்பவன் பேதுரு. இதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. நம்முடைய மொழிபெயர்ப்பும் இரண்டு இடத்திலும் 'கரிநெருப்பு' என்றே வைத்திருக்கிறது. இந்த விஷயத்தில் தமிழ் வாசகருக்கு எந்தக் குறையும் இல்லை, ஆனாலும் இதைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.

இனி மறுதலிப்பின் வார்த்தைகள். மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் பேதுரு முக்கியமாகச் சொல்வது, அந்த மனுஷனை எனக்குத் தெரியாது என்பதுதான். யோவானில் அப்படி இல்லை. கேள்வி அவனைப் பற்றியது, பதிலும் அவனைப் பற்றியதே. கிரேக்கத்தில் 'ஊக் எய்மி', இரண்டே சொல். 'நான் அல்ல.' அதே அதிகாரத்தில் சற்று முன்னால், தன்னைப் பிடிக்க வந்தவர்களிடம் இயேசு சொன்னது 'எகோ எய்மி', 'நான்தான்'. ஒருவர் தோட்டத்தில் 'நான்தான்' என்கிறார், இன்னொருவன் முற்றத்தில் 'நான் அல்ல' என்கிறான். மூன்றாவதாகக் கேட்பவன் யார் என்று பாருங்கள்: தோட்டத்தில் பேதுரு யாருடைய காதை வெட்டினானோ அவனுடைய சொந்தக்காரன். கண்ணால் கண்ட சாட்சி. அவன் முகத்துக்கு நேராகவே பொய்.

குற்ற உணர்வும் அவமானமும் ஒன்றல்ல என்று ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியலாளர் 1971-இல் எழுதிய புத்தகத்தில் பிரித்துக் காட்டினார். குற்ற உணர்வு செய்த செயலைப் பற்றியது, அவமானம் செய்த ஆளைப் பற்றியது. இந்தக் கோணத்தில் பார்த்தால் யோவானின் பேதுரு செய்தது வெறும் பொய் அல்ல. தன்னையே இல்லை என்று சொல்லியிருக்கிறான். பொய்க்கு மன்னிப்புக் கேட்கலாம். 'நான் அல்ல' என்று சொன்னவன் யாராகப் போய் நின்று மன்னிப்புக் கேட்பான்?

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு முன்னால், ஒரு ரிலீஸ் இரவில், தவறான சர்வரில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, வாடிக்கையாளரின் ஒரு நாள் டேட்டா போய்விட்டது. ஓட்டியது நான். கான்ஃபரன்ஸ் காலில் கேட்டபோது, 'நான் இல்லை' என்றேன். ஷிஃப்டில் என்னோடு இருந்த ஜூனியர் பையன் மேல் அது விழுந்தது. வேலை போகவில்லை, ஆனால் அந்த வருட அப்ரைசல் போயிற்று. ஆறு மாதம் கழித்து அவனைத் தனியாக டீக்கடைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விடுங்கண்ணே, முடிஞ்சு போச்சு" என்றான். மன்னித்துவிட்டான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பழைய டீம் ஆட்களை எங்கே பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும். ஏன் என்று இந்த அதிகாரத்தை மெதுவாக வாசிக்கும்வரை புரியவில்லை.

அதிகாரத்துக்கே திரும்புவோம். படகிலிருந்து இயேசுவை அடையாளம் கண்டதும் பேதுரு செய்வது விசித்திரமானது. மேலாடை இல்லாமல் இருந்தவன், அதை எடுத்துக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறான். நீந்தப்போகிறவன் துணியைக் கழற்றுவான், இவன் உடுத்துகிறான். மரியாதைக்காக என்பது வழக்கமான விளக்கம். எனக்கென்னவோ ஏதேன் தோட்டத்தில் இலையைத் தைத்துக்கொண்டவர்களின் ஞாபகம் வருகிறது. ஒரு வித்தியாசம், அவர்கள் ஒளிந்துகொண்டார்கள், இவன் மூடிக்கொண்டு நேராக ஓடிவருகிறான். (யோவான் ஆதியாகமத்தை நினைத்துத்தான் எழுதினார் என்று சாதிக்க மாட்டேன்.)

கரையில் கரிநெருப்பு. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அவனுக்கு எந்த இரவு ஞாபகம் வந்திருக்கும் என்று யோவான் சொல்வதில்லை. இயேசுவும் எதையும் எடுக்கவில்லை, சாப்பிட வாருங்கள் என்கிறார். அப்பமும் மீனும். முதலில் சாப்பாடு, பிறகுதான் கேள்வி. இந்த வரிசையை நான் முக்கியமாக நினைக்கிறேன். கேள்விக்குச் சரியான பதில் சொன்னபிறகு பந்தியில் இடம் கிடைக்கவில்லை.

கேள்வி பழைய பெயரில் வருகிறது: யோனாவின் குமாரனாகிய சீமோனே. முதல் அதிகாரத்தில் இயேசு அவனை முதன்முதலாகப் பார்த்தபோது கூப்பிட்ட பெயர் அது. ஆரம்பித்த இடத்துக்கே கூட்டிப்போகிறார். முதல் கேள்வியில் மட்டும் 'இவர்களைவிட அதிகமாக' என்று ஒரு முள் இருக்கிறது. எல்லாரும் இடறினாலும் நான் இடறமாட்டேன் என்று பேதுரு மார்தட்டியது மத்தேயுவிலும் மாற்கிலும் இருக்கிறது. இப்போது அவன் பதிலில் அந்த ஒப்பீடே இல்லை. உமக்குத் தெரியும் என்று மட்டும் சொல்கிறான். மூன்றாம் முறை கேட்டதும் துக்கப்படுகிறான். ஏன் மூன்று என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

இந்தக் காட்சியில் 'மன்னிப்பு' என்ற சொல் ஒரு இடத்திலும் கிடையாது. இத்தனைக்கும் பாவங்களை மன்னிப்பது பற்றிய பேச்சு முந்தின அதிகாரத்தில்தான் வருகிறது (20:23). அப்படியானால் பேதுரு மன்னிக்கப்பட்டது எப்போது? லூக்கா 24:34-இலும் 1 கொரிந்தியர் 15:5-இலும் ஒரு செய்தி இருக்கிறது: உயிர்த்தெழுந்தவர் பேதுருவுக்குத் தனியாகத் தரிசனமானார் என்று. அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நான்கு சுவிசேஷங்களில் ஒன்றுகூட எழுதவில்லை. என் ஊகம், மன்னிப்பு அங்கே முடிந்திருக்கும், அது இருவருக்கும் இடையிலான விஷயம். கடற்கரையில் நடப்பது வேறு. அங்கே பேதுருவோடு சேர்த்து ஏழு சீடர்கள் இருக்கிறார்கள். 'இவர்களைவிட' என்று சுட்டிக் கேட்கிற தூரத்தில் இருக்கிறார்கள். நாலு பேர் நடுவில், கரிநெருப்புப் பக்கத்தில், மூன்று முறை 'நான் அல்ல' என்றவன், இன்னொரு கரிநெருப்புப் பக்கத்தில், நாலு பேர் காதுபட, மூன்று முறை வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பதிலுக்கும் உடனே ஒரு பொறுப்பு கைக்கு வருகிறது: ஆடுகளைப் பார்த்துக்கொள்.

அகப்பே பிரசங்கத்தின் மேல் என் கோபம் இதனால்தான். அது இந்தக் காட்சியை இரண்டு உள்ளங்களுக்கு இடையே நடக்கும் நுண்ணிய உரையாடலாக ஆக்கிவிடுகிறது. சுற்றியிருக்கும் ஆறு பேரைக் காணாமல் அடித்துவிடுகிறது. தனியறை ஜெபத்திலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வதற்கு அது வசதி. டீக்கடையில் நான் செய்ததும் அதுதான்.

பேதுரு இதற்குப்பின் புது மனுஷனாகிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். 'என்னைப் பின்பற்றி வா' என்று சொல்லி வாய் மூடுவதற்குள் திரும்பிப் பார்த்து, அப்போ இவன் கதி என்ன என்று இன்னொரு சீடனைக் காட்டிக் கேட்டு, வாங்கிக் கட்டிக்கொள்கிறான். வருடங்கள் கழித்து அந்தியோகியாவில், யூதர் அல்லாதவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டான். பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டதைக் கலாத்தியர் 2-இல் பதிவு செய்திருக்கிறார். அங்கும் ஒரு சாப்பாடு, அங்கும் நாலு பேர் பார்வைக்குப் பயம். பேதுரு அதற்கு என்ன பதில் சொன்னான் என்று பவுல் எழுதவில்லை. அதைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு எழுத வேண்டும்.

போன வாரம் அந்தப் பழைய டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அந்த ரிலீஸ் இரவை ஜோக்காக எடுத்தார்கள், வழக்கம்போல அந்தப் பையன் பெயரைச் சொல்லி. அவனும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான். நான் அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'அன்னைக்கு ஸ்கிரிப்ட்டை ஓட்டினது நான்' என்று எழுதி, நடந்ததை நாலு வரியில் போட்டேன். பாதிப் பேர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அப்போதைய மேனேஜர் மறுநாள் காலையில் கூப்பிட்டார். நன்றாகத் திட்டினார். அடுத்த மாதம் எல்லாரும் சந்திக்கிறோம், நீயும் வா என்றார்.